பழைய கார்களும் அவற்றைப் போற்றுகிறவர்களும்

(ஆனேக்கலில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"ஸார், ஆன்மீகத்தில் ஏற்கெனவே மூன்று பேர் பேசுகிறார்கள். நீங்கள் வேறு ஏதாவது பேசுங்களேன்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். சர்வீஸ் முழுக்க அம்பாஸடரின் பின் ஸீட்டில் கழிந்தது. ஆகவே கார்களைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. புதிய கார்களைப் பற்றி நம் பேரன்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். பழைய கார்களைப் பற்றிச் சொல்கிறேன்.

விண்டேஜ் என்ற சொல் திராட்சை ரசத்திலிருந்து வந்தது. எந்த வருஷத்து அறுவடை என்பதைக் குறிப்பது. இங்கிலாந்தில் 1934-ல் ஆரம்பித்த விண்டேஜ் கார் சங்கம் ஒரு கோடு கிழித்தது: 1930 டிசம்பர் 31-க்குள் செய்த கார்தான் விண்டேஜ். நம் மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதியின் கணக்கு வேறு. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டினால் போதும். 1970-ல் பதிவான அம்பாஸடர்கூட இன்று சட்டப்படி விண்டேஜ். இந்தக் கணக்கில் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் பலரும் எப்போதோ விண்டேஜ் ஆகிவிட்டோம்.

நம் சென்னைக்குக் கார் வந்தது 1901-ல் என்கிறார்கள். சென்னையில் பதிவான கார் வைத்திருந்த முதல் இந்தியர் நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட் கட்டடத்தைக் கட்டிய கண்ட்ராக்டர் அவர். பிரெஞ்சு நாட்டு டி டியான் கார், நம்பர் எம்.சி.3. கணித மேதை ராமானுஜன் 1920-ல் தம் கடைசி நாட்களைக் கழித்தது இதே செட்டியாரின் சேத்துப்பட்டு வீட்டில்தான். காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகாராஜாக்கள் என்றதும் ஒரு கதை சொல்வார்கள். லண்டன் ஷோரூமில் அவமதித்தார்கள் என்று ஒரு ராஜா ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கி வந்து குப்பை அள்ள விட்டாராம். அல்வார் என்பார்கள், இன்னொருவர் வேறு சமஸ்தானத்தைச் சொல்வார். இப்படிப் பல பேர்மேல் ஏற்றப்படும் கதையை நான் நம்புவதில்லை. நிஜத்தில் நடந்ததே இதைவிட விசித்திரம். கல்கத்தாவில் மாத்யூஸன் என்ற வெள்ளைக்காரர் 1910-ல் இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் அன்னப்பட்சி வடிவத்தில் ஒரு கார் செய்வித்தார். கண்களில் விளக்கு, அலகிலிருந்து சீறும் நீராவி, பின்புறம் சுண்ணாம்புக் கரைசல் எச்சம்போல் விழ ஒரு ஏற்பாடு! தெருவில் ஜனங்கள் மிரண்டு ஓட, போலீஸ் அதைத் தடை செய்தது. பிறகு நாபா மகாராஜாவிடம் போயிற்று. இன்று நெதர்லாந்தில் ஹேக் நகர மியூசியத்தில் இருக்கிறது.

அது அங்கே இருப்பதில் எனக்குச் சற்று வருத்தம்தான். 1971-ல் மன்னர் மானியம் ரத்தானது. அரண்மனைக் கொட்டகைகளில் நின்ற கார்கள் வந்த விலைக்குப் போயின. வெளிநாட்டார் பலவற்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுபதுகளில் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடை செய்தது. அது மட்டும் நடக்காமல் இருந்தால் இன்று இங்கே பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

எஞ்சியதைக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. பார்க்கப் பார்க்க அபிப்பிராயம் மாறியது. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-ல் கார் மியூசியம் திறந்தார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்தவர் நாயுடு. தர்மஸ்தலா தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே சேர்த்த கார்களுக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே 2023-ல் 'பயணா' மியூசியம் வந்திருக்கிறது. ஆனேக்கலிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பலாம். தில்லி ரயில் மியூசியத்தில் 1914-ம் வருஷத்து ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி இருக்கிறது. நிஜாம் ரயில்வேயைச் சேர்ந்தது. 1964-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ராலியில் ஓடிப் பெயர் வாங்கிய வண்டி. அரசாங்கச் சொத்தும் சில சமயம் நன்றாகப் பராமரிக்கப்படும் என்பதற்கு நான் காட்டும் சாட்சி அதுதான்.

இவற்றின் மேல் அப்படி என்ன மோகம்? என் பதில், அவற்றில் ஒளிவுமறைவு கிடையாது. எந்தக் காரியம் எங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். காலால் மிதிக்கும் ஆக்ஸிலரேட்டர் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்புறக் கம்பி பெட்ரோலுக்கு, இடப்புறக் கம்பி ஸ்பார்க்கின் நேரத்துக்கு. கீழே மூன்று பெடல், அதில் நடுவில் இருப்பது ரிவர்ஸ். இன்றைய டிரைவரை உட்கார வைத்தால் திண்டாடிப் போவார். பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குத் தானாக இறங்கி வர வேண்டும். செங்குத்தான மேட்டில் டாங்கில் பெட்ரோல் குறைந்திருந்தால் வராது. அதனால் காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏறினார்கள்!

கைப்பிடி போட்டுச் சுழற்றி ஸ்டார்ட் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பார்க்கை முதலில் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிப்பு நிகழ்ந்து, கைப்பிடி எதிர்ப்புறம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். 1912 காடிலாக்கில் கெட்டரிங் அமைத்த எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஆபத்து தணிந்தது.

இனி நம் வீட்டுக் கார்கள். மகாராஜா கார்களைக் காப்பாற்ற ஆள் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பேபி ஹிந்துஸ்தான், ஃபியட் 1100 இவற்றுக்கு யார் இருக்கிறார்கள்? 2014-ல் அம்பாஸடரே நின்றுபோயிற்று. காதால் கேட்டு கார்ப்பரேட்டரை ட்யூன் செய்யும் மெக்கானிக்குகள் நம் வயதுக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வைத்துப் பழுது பார்க்கிறார்கள். பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ல் நாடெங்கும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்தாயிற்று. எத்தனால் நீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கி, தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிவிட்டு, நெடுநாள் நிறுத்துவதானால் டாங்கைக் காலி செய்துவிடுவது உத்தமம்.

2021 விதியைப் பற்றி உபயோகமாகச் சில வார்த்தைகள். புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புது எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இது பெரிய சலுகை. சாஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. தினமும் ஆபீஸுக்கோ கோவிலுக்கோ ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவ்வளவுதான். இன்ஷூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் அவசியம்.

எங்கள் தூரத்து உறவில் ஒரு மாமா 1966 மாடல் ஃபியட் வைத்திருந்தார். எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் எண். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. கார் ஷெட்டில் நிற்கிறது. பிள்ளை அமெரிக்காவில், "விற்றுவிடு அம்மா" என்கிறான். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டுப் போனார். மாமிக்கு மனசு வரவில்லை. கல்யாணமான வருஷம் வாங்கின கார், அதில்தான் பிரசவத்துக்குப் போனாளாம். என்னிடம் யோசனை கேட்டாள். விதியைப் படித்துச் சொன்னேன், மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனேன். அவர் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுழற்றினார். எஞ்சின் இறுகிப் போகவில்லை, சுற்றுகிறது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டிருக்கிறார். இனி ஆர்.சி. புத்தகம்தான் வேண்டும். மாமா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை, பரணில் நான்கு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டைத் திறந்து பார்த்தாயிற்று.