ஈரச் சுண்ணாம்பும் வாரப் பத்திரிகையும்

தஞ்சைப் பெருமக்களே! தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பேச வந்திருப்பது உங்கள் ஊர்க்காரர், ஓவியர் கோபுலுவைப் பற்றி; கொஞ்சம் கூடத்தான் எடுத்துக்கொள்வேன்.

1924-இல் இங்கே பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்து, விகடன் ஓவியர் மாலியின் கண்ணில் பட்டு ஆனந்த விகடனுக்குப் போனவர். அவரைப் பற்றி இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள்: பத்திரிகைக்குப் படம் போட்டவர்தானே, ஓவியர் என்று சொல்லலாமா? பெயர் சொல்ல மாட்டேன். விலைச்சீட்டு தொங்கினால்தான் கலை என்று கண்டுபிடித்த மேதைகள் அவர்கள்! அடுத்தவர் கதைக்குப் போட்ட படமாம். சரி, பெரிய கோயிலுக்குள் போவோம். கருவறையைச் சுற்றிய இருட்டில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் கிடந்த சோழர் ஓவியத்தை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். அதில் என்ன இருக்கிறது? சுந்தரர் கல்யாணம். கையில் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிற கிழவர். அதுவும் அடுத்தவர் கதைதானே ஐயா! அதை வரைந்தவனைக் கதைக்குப் படம் போட்டவன் என்று யாராவது தள்ளினோமா? பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு 100 கலம் நெல் என்று கணக்கே இருக்கிறது. அந்தச் சித்திரக்காரன் பெயர்தான் நமக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

அவசரத்தில் போட்டது என்று அடுத்த குறை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் ஏற வேண்டும், காய்ந்தால் போச்சு. அவனைச் சுவர் விரட்டியது, இவரை அச்சுக்கூடம் விரட்டியது. அந்த விரட்டலில்தான் கோபுலுவின் கோடு சதை குறைந்து நரம்பாயிற்று. ஒரு வார்த்தைகூட இல்லாமல் சிரிக்க வைத்தாரே, அந்தப் படங்களில் எழுத்தாளருக்கு என்ன வேலை? தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படத்தில் சாமி உண்டு, ராஜா உண்டு. தவில்காரருக்கு இடம் உண்டா? அவரை உட்காரவைத்தது வாரப் பத்திரிகை. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையைக் கோபுலுவின் படங்களோடு படித்தவர்களுக்கு, 1968-இல் சிவாஜி திரையில் ஊதுமுன்பே நாகசுரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் முகம் பழகியிருந்தது. காவிரிக்கரையின் நாகசுரமும் சதங்கையும் அதைக் கேட்டேயிராத வீட்டுத் திண்ணைக்கும் போய்ச் சேர்ந்தன. எந்த ஓவியக் கூடத்துச் சுவரால் இதைச் செய்ய முடியும்?

பிறகு விளம்பரத்துக்குப் போனார், சம்பாதித்தார் என்கிறார்கள். போனார். அந்த வருஷங்களில் நமக்குக் கதைப் படங்கள் குறைந்தன என்பது எனக்கும் வருத்தம்தான். அது ரசிகன் வருத்தம். ஓவியருக்கு எதிரான தீர்ப்பு ஆகாது. கூலி கொடுக்காமலா ராஜராஜன் சுவரை நிரப்பினான்? வலக்கை வாதத்தில் விழுந்தபின் இடக்கையால் வரைந்த மனிதர் ஐயா அவர், காசுக்காக மட்டுமா வரைந்திருப்பார்? 2015-இல் அவர் போனபோது ஊரே புகழ்ந்தது. அவர் படம் வந்த இதழ்களை நாமோ எடைக்குப் போட்டோம், பொட்டலம் மடித்தோம். வீட்டுப் பரணில் பழைய பைண்டு இருந்தால் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓலைச்சுவடிக்குச் சரசுவதி மகால் வைத்திருக்கிற ஊரில் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது!