மகாவலிக் கரையின் சாட்சியம்



பட்டம் பெறும் அன்புச் செல்வங்களே, பேராதனையில் நீங்கள் நாள்தோறும் கடந்துபோன மகாவலி, கிழக்கே இறங்கி மகியங்கனையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் தம்பானை. இத்தீவின் ஆதிக்குடிகளான வேடுவர்களின் ஊர். ஆண்டுதோறும் எசல பெரஹரா காலத்தில் அவர்கள் காட்டுத்தேனைச் சுமந்து கண்டிக்கு வந்து தலதா மாளிகையில் காணிக்கை செலுத்துகிறார்கள்.

அந்தத் தேனுக்குப் பின்னால் ஒரு கலை இருக்கிறது. செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து காட்டுக்கொடி ஏணியைத் தொங்கவிட்டு, புகை மூட்டி, மலைத்தேனடையை அறுப்பது அவர்களின் பழைய வழக்கம். மூதாதையரை வேண்டிப் பாடித்தான் அதைச் செய்தார்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வுநூல் வேடுவர் பாடல்களைப் பதிந்து வைத்திருக்கிறது. எழுத்தில்லாத அம்மக்களுக்குப் பாட்டும் கதையுமே காணி உறுதி.

அந்த உறுதியை அரசு ஏற்கவில்லை. மகாவலி நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதிகளையும் விலங்குகளையும் காக்க 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானது. அதற்குள் வேட்டையும் தேனெடுப்பும் குற்றமாயின. குடும்பங்கள் பல ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டன. தலைவர் தீசாஹாமி இடம்பெயர மறுத்தார். அவர் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா சென்று, ஐ.நா. ஆதிக்குடிகள் செயற்குழு முன் தம் மக்களின் கதையைச் சொன்னார். 2020இல் பொல்லேபெத்த, றம்பக்கன் ஓயாக் காடு சோளச் செய்கைக்காக வெட்டப்பட்டபோது, சுற்றாடல் நீதிக்கான மையத்துடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏறினார். காட்டைக் காக்கும் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களே காட்டுக்காக வழக்காட வந்தார்கள். அந்த வெளியேற்றத்தின் அநீதியை நாம் கண்திறந்து பார்க்க வேண்டும்.

வேடுவரைப் போலவே பாட்டில் தம் கதையைக் காத்த மலையகத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் உங்கள் முன்னோரின் வியர்வையும் துயரும் ஏட்டில் நிலைத்தன. பாட்டைச் சாட்சியமாக மதிக்க அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

நாளை உங்களில் ஒருவர் அணைக்குத் திட்டம் வரைவார், ஒருவர் சுற்றாடல் தாக்க மதிப்பீடு எழுதுவார், ஒருவர் வழக்குரைப்பார். கோப்பில் ஒப்பமிடுமுன் அது தொடும் ஊருக்குப் போங்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து, ஆறு எங்கே பெருகும், யானை எவ்வழி போகும், எந்தச் சரிவு இடியும் என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் கல்வியால் சோதியுங்கள். உண்மையென்று கண்டால், மேலிடம் முகம் சுளித்தாலும் அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் துணிவு உங்களிடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.