மருந்தடிக்கும் ஹெலிகாப்டரும் மூடாத கிணறும்

(வட்டார விவசாயிகள் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



மருந்தடிக்கிற ஹெலிகாப்டர் ஏன் விழுதுன்னு ஒரு தம்பி கேட்டார். முக்கியமான காரணம் கரண்டு கம்பி. பயிருக்கு ரெண்டு மூணு மீட்டர் மேலே பறந்தால்தான் மருந்து இலையில் விழும். கம்பியும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் போகுது. கம்பம் தெரியும், கம்பி தெரியாது. ஆஸ்திரேலியாவில் விபத்துகளை ஆராய்ந்தபோது, அங்கே கம்பி இருக்குன்னு முன்பே தெரிந்த பைலட்டுகளே பலர் அதில் மோதியிருக்கிறார்கள். என்ஜின் நின்றால் இன்னும் மோசம். உயரத்தில் இருந்தால் விசிறி சுழலும் வேகத்திலேயே இறக்கிவிடலாம். பயிர் மட்டத்தில் அதற்கு நேரமே கிடையாது.

சரி, உயரமாகப் பறந்தால்? பைலட் பிழைப்பார். மருந்து காற்றோடு போகும். எங்கே போகும்னு காசர்கோட்டைக் கேளுங்க.

அங்கே கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு முந்திரித் தோட்டங்கள். தேயிலைக் கொசுவை ஒழிக்கிறோம் என்று 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மேடும் பள்ளமுமான மலங்காடு. பயிரை ஒட்டிப் பறக்க முடியுமா? மேலே இருந்து கொட்டினார்கள். தோட்டத்துக்கு நடுவிலேயே வீடு, பள்ளிக்கூடம், ஓடை, மூடாத கிணறு. ஹெலிகாப்டர் பத்திரமாகத் திரும்பிப் போனது. கீழே இருந்தவர்கள் பாடு? தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் போய்ச் சோதித்தபோது பிள்ளைகளின் ரத்தத்திலேயே அந்த மருந்து இருந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மூணு மாசத்தில் அஞ்சு லட்சம் கொடு என்று 2017இல் உத்தரவு. அஞ்சு வருஷம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று 2022இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. தாய்மார்கள் படுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போராட்டப் பந்தலுக்கு வந்தார்கள் ஐயா.

இப்ப நம்ம வயலுக்கு ட்ரோன் வருது. வேண்டாம்னு நான் சொல்லலை, மருந்தடிக்க ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் 43ஆவது விதியைப் படிங்க. வானிலிருந்து மருந்தடிக்கும் முன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் மக்களுக்கு அறிவிக்கணும். சம்பந்தமில்லாத ஆளும் மாடும் உள்ளே போகாமல் தடுக்கணும். முதலுதவிக்கும் கழுவிச் சுத்தம் பண்ணவும் தெளிக்கிறவர்தான் ஏற்பாடு செய்யணும். உங்க ஊரில் யாராவது அறிவிச்சாங்களா?

அதைத்தான் கேட்கிறோம். என்ன மருந்து, எந்த வயல், எத்தனை மணி என்று முதல் நாளே ஊராட்சிப் பலகையில் எழுது, மைக்கில் சொல்லு. கிணற்றை மூட, மாட்டை அவிழ்த்துக் கட்ட நேரம் கொடு. ட்ரோன் ஓட்டுற பையனும் நம்ம வீட்டுப் பிள்ளைதான், அவனுக்கு முகமூடியும் கையுறையும் கொடு.

மனு வாசலில் மேசை மேல இருக்கு. கையெழுத்துப் போடாதவங்க போட்டுட்டுப் போங்க. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். ஊருக்குப் பத்துப் பேராவது வரணும்.