முதலையின் பக்கம் நின்ற மனிதர்



2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கடற்கரைகளில் திருக்கை மீன்கள் செத்துக் கிடந்தன. குறைந்தது பத்து இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு வாலே இல்லை. வலையில் மாட்டிய திருக்கையின் வாலைப் பயந்து வெட்டிப்போடுகிற ஆட்கள் எங்கும் உண்டு. ஆனாலும் அந்த மாதம் செய்தியைப் படித்தவர்களுக்கு எழுந்த சந்தேகம் ஒன்றுதான்: பழிக்குப் பழி. செப்டம்பர் 4 அன்று ஒரு திருக்கையின் முள், தொலைக்காட்சியில் காட்டுயிர் நிகழ்ச்சி நடத்திவந்த ஸ்டீவ் இர்வினின் நெஞ்சில் பாய்ந்து உயிரைப் பறித்திருந்தது. அவருக்கு வயது 44.

இப்படிப் பழிவாங்குவதை ஸ்டீவ் ஒருநாளும் ஏற்றிருக்க மாட்டார் என்று அவர் தொடங்கிய காட்டுயிர் அமைப்பினர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பாம்பும் முதலையும் கெட்ட பிராணிகள் அல்ல என்று தொண்டை கிழியக் கத்தியே பேர் வாங்கியவர் அவர். அவருக்கு அந்த மாதமே இப்படி ஓர் அஞ்சலி!

தொலைக்காட்சியில் அவரை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, கலைந்த பொன்னிறத் தலைமுடி. கையில் நெளிகிற ஒரு விஷப்பாம்பு. அதன் அழகைப் பார்த்து மனிதர் சொக்கிப்போய் நிற்பார். நடுநடுவே 'கிரைக்கி!' என்று ஒரு கூச்சல். 'முதலை வேட்டைக்காரன்' என்ற அந்த நிகழ்ச்சி 1996இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, அனிமல் பிளானட் அலைவரிசை வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. பெயரில்தான் வேட்டை. அவர் பிடித்த முதலைகள் எல்லாம் உயிரோடு பிடிபட்டவை.

இந்தப் பழக்கம் வீட்டில் தொற்றிக்கொண்டது. அப்பா பாப் இர்வின் குழாய் வேலை செய்தவர், ஊர்வனவற்றின் மேல் தீராத மோகம் கொண்டவர். அம்மா லின் பிரசவ விடுதித் தாதி. அடிபட்ட, தாயை இழந்த காட்டு விலங்குகளை வீட்டுக்கு எடுத்துவந்து வளர்ப்பது அம்மாவின் வேலை. ஸ்டீவின் ஆறாவது பிறந்தநாளுக்கு அவர்கள் கொடுத்த பரிசு 12 அடி நீள மலைப்பாம்பு. 1970இல் குடும்பம் மெல்போர்னை விட்டு வடக்கே பியர்வா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, இரண்டு ஹெக்டேர் நிலத்தில் ஒரு சிறிய ஊர்வனப் பூங்காவைத் தொடங்கியது. பிற்பாடு 'ஆஸ்திரேலியா ஸூ' என்று உலகம் முழுக்கத் தெரிந்த இடம் அதுதான். அப்பா பக்கத்தில் நிற்க, ஸ்டீவ் முதன்முதலில் ஒரு முதலை மேல் பாய்ந்தபோது அவருக்கு வயது ஒன்பது.

குயின்ஸ்லாந்தில் உவர்நீர் முதலையைச் சுடுவதற்கு 1974இல்தான் தடை வந்தது. இலங்கையின் நில்வளா கங்கையிலும் ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் அந்தமானிலும் இருக்கிற அதே இனம்தான் அது. தோலுக்காகக் கொன்று கொன்று அதை ஏறக்குறைய தீர்த்தே விட்டிருந்தார்கள். தடைக்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஏற ஏற, ஊரை ஒட்டிய ஆறுகளில் முதலைகள் தலைகாட்டின. மக்கள் பயந்தார்கள், சிலர் துப்பாக்கியைத் தேடினார்கள். அவற்றை உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டுபோக மாநில அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 1980களில் அந்தத் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்தவர் இளைஞர் ஸ்டீவ். ஒரு படகு, ஒரு நாய், கொஞ்சம் வலை. இவற்றோடு வடக்குச் சதுப்புகளில் மாதக்கணக்கில் தங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகளைப் பிடித்தார். கேமராவை ஏதாவது ஒரு கிளையில் கட்டிவைத்துத் தன்னைத்தானே படமும் எடுத்துக்கொண்டார்.

விளம்பரப் படம் ஒன்றை எடுக்கப் பூங்காவுக்கு வந்து பழக்கமான ஜான் ஸ்டெயின்டன் என்ற தயாரிப்பாளர், பின்னர் அந்தப் படச்சுருள்களைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1991இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து சுற்றுலா வந்த டெர்ரி ரெயின்ஸ் என்ற பெண் பூங்காவில் ஸ்டீவைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் கல்யாணம். தேனிலவுக்கு அவர்கள் போனது முதலை பிடிக்க! ஸ்டெயின்டன் கூடவே போய்ப் படம் எடுத்தார். நிகழ்ச்சியின் முதல் பகுதி அதுதான்.

முதலை பிடிப்பதை வெறும் வித்தை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் காட்டுப்பன்றி இறைச்சியை இரையாக வைத்து வலைப்பொறி கட்டுவார்கள். முதலை உள்ளே போய் இரையை இழுத்ததும் வலையின் வாய் சுருங்கிவிடும். மயக்க ஊசி போடுவதில்லை, மருந்தின் கிறக்கத்தில் முதலை மூச்சடைத்துச் செத்துப்போகலாம். மேல்தாடையில் ஒரு கயிற்றைப் போட்டு மெல்லக் கரைக்கு இழுப்பார்கள். அதன்பிறகு ஒருவர் தலை மேல் பாய வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஸ்டீவ்தான். முதலையின் தாடை மூடும் வேகத்துக்கு ஈடில்லை, ஆனால் அதைத் திறக்கும் தசைகள் வலுவற்றவை. எனவே மூடிய வாயை ஒரு மனிதன் அழுத்திப் பிடித்துவிட முடியும். அதே நொடியில் மற்றவர்கள் உடல் மேலும் வால் மேலும் விழுவார்கள். கண்ணைத் துணியால் மூடியதும் முதலை அடங்கும். பாய்வதில் அரை நொடி பிசகினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவும் நடக்கும்போது அவர் முதலையிடம் பேசிக்கொண்டே இருப்பார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுவது போல.

இந்தப் பேச்சுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோ தாழ்ந்த குரலில் பேசுவார், பார்ப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். விலங்குக்கும் கேமராவுக்கும் நடுவே மரியாதையான ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். இர்வின் அந்த இடைவெளியில் குதித்துவிட்டார். இது சரியா என்ற கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. விலங்குகளைச் சீண்டுகிறார், இயற்கையை இயற்கையாக விடுவதில்லை என்று சூழலியலாளர்கள் சிலர் குறை சொன்னார்கள். 2004 ஜனவரியில் தன் ஒரு மாதக் குழந்தை ராபர்ட்டை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் முதலைக்கு இரை போட்டார். உலகமே கொதித்தது. குழந்தைக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்பது கடினம்தான். அவர் இறந்த சில நாட்களில் எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரீர், விலங்குலகம் கடைசியில் அவரைப் பழிவாங்கிவிட்டது என்ற தொனியில் எழுதி நாடெங்கும் வசை வாங்கிக்கொண்டார்.

கிரீர் எழுதிய நேரம் கொடூரம், ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. தூண்டப்பட்ட பாம்பின் சீற்றம் அந்த நிகழ்ச்சிக்குத் தீனியாக இருந்தது. மறுபாதியையும் சொல்ல வேண்டும். யானைக்குட்டிக்கும் பாண்டாவுக்கும் பரிந்து பேச ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கண்டதும் அடித்துக் கொல்கிற பாம்புக்கும் ஊரே வெறுக்கிற முதலைக்கும் யார் இருந்தார்கள்? தாழ்ந்த குரல்களைக் கேட்க உட்காராத வீடுகளில் எல்லாம் அவருடைய கூச்சல் நுழைந்தது. முதலையை வைத்துப் பணம் பண்ணினால்தான் அது பிழைக்கும், முட்டைக்கும் தோலுக்கும் விலை இருந்தால்தான் நிலத்துக்காரர் அதை விட்டுவைப்பார் என்று டார்வின் நகரத்து ஆய்வாளர் கிரஹாம் வெப் போன்றவர்கள் நீண்டகாலமாக வாதிட்டு வருகிறார்கள். அதற்கும் ஆதாரங்கள் உண்டு. இர்வின் அந்த வாதத்தின் பக்கமே போகவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பணக்கார வேட்டைக்காரர்களுக்கு முதலையைச் சுட அனுமதி தரலாம் என்ற யோசனை வந்தபோது கடுமையாக எதிர்த்தார்.

அந்தக் கடைசி நாளுக்கு வருவோம். போர்ட் டக்ளஸுக்கு அப்பால் பேட் பவளத்திட்டு. 'கடலின் கொடிய உயிர்கள்' என்ற ஆவணப்படத்துக்காகப் போயிருந்தார்கள். வானிலை மோசமானதால் வேலை நின்றது. சும்மா இருக்கப் பிடிக்காத ஸ்டீவ், மகள் பிண்டியின் குழந்தைகள் நிகழ்ச்சிக்காக நெஞ்சளவு ஆழத் தண்ணீரில் ஒரு பெரிய திருக்கையைப் படம்பிடிக்க இறங்கினார். நம் கரையில் மீன்பிடிப்பவர்களுக்குத் திருக்கையின் வால் முள்ளைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் விளிம்பில் ரம்பப்பல், கூடவே விஷம். ஆனாலும் திருக்கை பொதுவாக ஒதுங்கி ஓடும் மீன், அதனால் மனிதர் இறப்பது அரிதிலும் அரிது. கேமரா பிடித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் லயன்ஸ் பல ஆண்டுகள் கழித்து, 2014இல் தொலைக்காட்சியில் விவரித்தார்: ஸ்டீவ் பின்னால் வந்துகொண்டிருக்க, மீன் சட்டென்று முன்பக்கமாக எழும்பி வாலால் சரமாரியாகக் குத்தியது. புலிச்சுறா தாக்க வருவதாக அது நினைத்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அந்தப் படச்சுருள் காவல்துறை விசாரணைக்குப் போய், பிறகு அழிக்கப்பட்டது. ஆவணப்படம் 2007 ஜனவரியில் அந்தக் காட்சி இல்லாமலே ஒளிபரப்பானது.

அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தார்கள். தந்தை பாப் வேண்டாம் என்றார். தன் மகன் சாதாரண ஆள், அப்படியே நினைக்கப்படுவதைத்தான் விரும்பியிருப்பான் என்றார். குடும்பம் தனிப்பட்ட முறையில் அடக்கம் செய்தது. செப்டம்பர் 20 அன்று பூங்காவின் முதலை அரங்கில் 5,000க்கும் மேற்பட்டோர் கூடிய நினைவுக் கூட்டம் நேரலையாக ஒளிபரப்பானது. எட்டு வயது பிண்டி மேடையேறித் தானே எழுதிய பேச்சை வாசித்தாள். குரல் தடுமாறவில்லை. கூட்டம் முடிந்ததும் ஸ்டீவின் பழைய வண்டி அரங்கை விட்டுப் போனது. ஊழியர்கள் மண்ணில் மஞ்சள் பூக்களால் 'கிரைக்கி' என்று எழுதிவைத்தார்கள்.

அவர் பெயரில் இன்று ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது, ஒரு நத்தை இனம் இருக்கிறது. உயிரோடு இருந்தபோதே ஓர் ஆமை இனத்துக்கு அவர் குடும்பப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 15 ஸ்டீவ் இர்வின் நாள். இவை இருக்கட்டும். பூங்காவை ஒட்டி, பழைய வெண்ணெய்ப்பழக் கொட்டகை ஒன்றில் 2004இல் தொடங்கிய காட்டுயிர் மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். 2000இல் சாலை விபத்தில் இறந்த அம்மா லின்னின் நினைவாகத் தொடங்கியது அது. காரில் அடிபட்ட கோவாலா, நாய் கடித்த 'பாஸம்' என்ற பைவிலங்கு, தூண்டில் விழுங்கிய ஆமை என்று இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகள் அங்கே சிகிச்சை பெற்றிருக்கின்றன.

அவர் விட்டுப்போனவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அது ஓர் ஆய்வுக் கட்டுரை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஃபிராங்க்ளின் முதலானவர்களோடு சேர்ந்து முதலைகளின் தலையில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார் ஸ்டீவ். பிடிப்பது அவர் பொறுப்பு, அளப்பது அவர்கள் பொறுப்பு. கட்டுரை வெளிவந்தது 2007இல், ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிடித்த ஒரு பெரிய ஆண் முதலையை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, தீபகற்பத்தைக் கடந்து கிழக்குக் கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அது சில காலம் அங்கேயே சுற்றியது. பிறகு ஒருநாள் கிளம்பியது. வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் கடலில் நீந்தி, 20 நாளில் தன் பழைய ஆற்றுக்கே வந்துவிட்டது. வழியில் டோரஸ் நீரிணையில் எதிர்நீரோட்டம் பலமாக இருந்தபோது, ஒரு குடாவில் ஒதுங்கி நான்கு நாள் காத்திருந்து, ஓட்டம் திரும்பிய பிறகே கடந்தது. நீரோட்டத்தில் ஏறிப் பயணம் செய்யும் இந்தச் சாமர்த்தியத்தைப் பற்றிய கட்டுரை 2010இல் வந்தது. அதிலும் ஸ்டீவின் பெயர் உண்டு.

இதன் பொருள் என்ன என்று யோசித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். முதலையைப் பிடித்து வேறிடத்தில் விட்டால் அது பிழைக்கும், ஊரும் பிழைக்கும் என்பதுதான் அவர் இளமையில் சதுப்புச் சதுப்பாக அலைந்து செய்த வேலை. முதலை திரும்பி வந்துவிடும் என்று அவருடைய ஆய்வே காட்டிவிட்டது. இப்போது குயின்ஸ்லாந்தில் ஆளுக்கு ஆபத்து என்று பிடிக்கப்படும் முதலையை வேறு ஆற்றில் விடுவதில்லை. பண்ணைக்கோ விலங்குக் காட்சிசாலைக்கோ அனுப்பிவிடுகிறார்கள்.

மிஞ்சும் வழி, முதலையை அதன் ஆற்றிலேயே இருக்க விடுவது. கேப் யார்க்கில் வென்லாக் ஆற்றை ஒட்டிய 1,35,000 ஹெக்டேர் நிலம் 2007இல் மத்திய அரசின் நிதியோடு ஸ்டீவ் இர்வின் காட்டுயிர்க் காப்பகம் ஆனது. விரைவிலேயே அங்கே பாக்சைட் தோண்ட ஒரு சுரங்க நிறுவனம் வரிசையில் நின்றது. டெர்ரி விடவில்லை. ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்து, 2013இல் மாநில அரசு அங்கே சுரங்கம் கூடாது என்று முடிவெடுத்தது. டெர்ரியும் பிண்டியும், அன்று கைக்குழந்தையாய் இருந்த ராபர்ட்டும் ஆய்வாளர்களோடு வறண்ட பருவத்தில் அந்த ஆற்றுக்குப் போகிறார்கள். அதே வலைப்பொறி, அதே கயிறு, தலை மேல் பாய்வது இப்போது ராபர்ட்டின் முறை. ஒலி அனுப்பும் சிறு கருவியை முதலையின் தோலுக்கடியில் பொருத்தி, நீளம் அளந்து, பிடித்த கரையிலேயே விட்டுவிடுகிறார்கள்.