பாலசந்தர் படங்களில் மொழி

இயக்குநர் கே. பாலசந்தரின் படங்களில் பேச்சு மிகுதி என்று குறைகூறுவோர் உளர். சென்னையில் அரசுக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே மேடை நாடகங்கள் எழுதியவர்; 1965-இல் 'நீர்க்குமிழி' வழியாகத் திரைப்பட இயக்குநரானவர். அவர் பேச்சை நம்பியதில் வியப்பில்லை. மொழியியல் பயின்ற நாம் அதனைக் குறையாகக் கொள்வதில்லை.

1978-இல் வெளிவந்த 'மரோ சரித்ரா'வை எண்ணிப் பாருங்கள். தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் காதலிக்கின்றனர். இரு வீட்டாரும் ஓராண்டுப் பிரிவை நிபந்தனையாக்குகின்றனர். அத்தெலுங்குப் படம் மொழிமாற்றமின்றியே சென்னையில் நெடுநாள் ஓடிற்று. அதனையே 1981-இல் இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' என எடுத்தார். அதில் இந்தி சரிவர வாராத நாயகன், இந்திப் படப் பெயர்களையே கோத்துப் பாடுகிறான். சொற்கள் உண்டு, வாக்கியம் இல்லை; ஆயினும் அவளுக்குப் பொருள் விளங்குகிறது. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் வேறொரு மொழி என வாழும் நமக்கு இது புதிதன்று. மொழி கற்பிப்போர்தாம் இதனை ஏற்கத் தயங்குவர்!

பின்னர் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' முதலிய தொலைக்காட்சித் தொடர்களை இயக்கினார். திரையரங்கில் சற்று உரத்து ஒலித்த அவருடைய உரையாடல், வீட்டுக் கூடத்தில் இயல்பாகவே பொருந்திற்று.