வங்கம் வரவேற்ற அயல்நாட்டு மாயக்கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மாயக்கதைகள் பல மொழிகளுக்குள் புகுந்தன. ஜெர்மானியரான ஹாஃப்மனின் கதைகள் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகவே ஸ்பெயினை எட்டின. வங்காளத்துக்கு மேலைக் கதைகளைக் கொண்டுவந்தது ஆங்கிலம். ஆனால் அவை வந்து இறங்கிய இடம் தரிசு நிலமல்ல. வேதாளக் கதைகளை வித்யாசாகர் 1847-லேயே வங்க உரைநடையில் தந்திருந்தார். பாட்டிமார் சொன்ன கதைகளிலோ பேய்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே வந்த விருந்தாளியை வங்க எழுத்தாளர்கள் தங்கள் வீட்டு வழக்கப்படியே உபசரித்தார்கள்.

அவர்களில் முதலில் போற்றத்தக்கவர் திரைலோக்கியநாத் முகோபாத்யாய். கல்கத்தாவின் சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1886-இல் லண்டன் கண்காட்சிக்காக ஐரோப்பா போய் வந்தவர். 1892-இல் வெளிவந்த அவருடைய 'கங்காவதி' நாவலைப் படித்த ரவீந்திரநாதருக்கு 'ஆலிஸின் அற்புத உலகம்' நினைவுக்கு வந்தது. ஒப்புமை பொருத்தமானதே, இரண்டிலும் ஒரு பெண்பிள்ளை கனவுக்குள் போகிறாள். ஆனால் கங்காவதியின் கனவுக்கு முன்னால் ஒரு கிராமமே நிற்கிறது. மகளைக் கிழவருக்கு விலைபேசும் தகப்பன், கல்கத்தா ஐஸ் தின்றான் என்பதற்காக ஓர் இளைஞனை ஒதுக்கிவைக்கும் ஊர். அந்த ஐஸ்கட்டிதான் நாவலின் உயிர்நிலை. காய்ச்சலில் அவள் காணும் உலகத்தில் தவளை துரைவேஷம் போட்டு ஆங்கிலம் உளறுகிறது. படித்தவர்கள் நம்ப மறுப்பதால் பேய்கள் சேர்ந்து கம்பெனியே தொடங்குகின்றன. அயல் வடிவத்தை வாங்கி, உள்ளூர் அநியாயத்தின் மேல் திருப்பிய துணிவு இது.

ரவீந்திரநாதரின் 'பசித்த பாறை' 1895-இல் வந்தது. இளமையில் அகமதாபாத் ஷாகிபாக் அரண்மனையில் தங்கிய அனுபவம் அதன் வித்து. ரயில் நிலையத்தில் ஒரு பயணி கதை சொல்கிறார். வண்டி வந்துவிட, மர்மம் அவிழாமலே நின்றுவிடுகிறது. நடந்தது நிஜமா பிரமையா என்ற ஐயத்தைத் தீர்க்காமல் விடுவது ஐரோப்பிய மாயக்கதை வளர்த்த உத்தி. அதை இவ்வளவு இயல்பாக ஓர் இந்திய ரயிலடியில் பொருத்தியது பெரும் சாதனை.

மறு ஆண்டே கூந்தல் தைல வியாபாரி ஹேமேந்திரமோகன் போஸ் 'குந்தலீன்' கதைப் போட்டியைத் தொடங்கினார். தைலத்தின் பெயர் கதையில் வரவேண்டும், விளம்பரமாகத் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. பெயர் வெளியிடாமல் எழுதிப் பரிசு வென்றவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். அவர் கதையில், கல்கத்தாவைத் தாக்கவேண்டிய புயல் காணாமல் போகிறது. இலங்கைக்குக் கப்பலேறியவர் கடலில் ஊற்றிய ஒரு புட்டித் தைலமே காரணம். எண்ணெய் அலையை அடக்கும் என்ற இயற்பியலே கதையின் அச்சாணி. திருத்திய வடிவத்தை 'ஓடிப்போன புயல்' என்ற பொருள்படும் தலைப்பில் 1921-இல் தம் 'அவ்யக்த' நூலில் ஜகதீஷ் சந்திர போஸ் சேர்த்தார்.