எடை பார்க்கும் கருவியும் துடுப்பும்

(பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒருவரை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் அயர்லாந்தைச் சேர்ந்த படகு வீரர் பால் ஓ'டொனோவன்.

துடுப்பு வலித்தல் என்று நம் மொழியில் சொல்கிறோம். வலி என்றால் இழுப்பது. வலிமையும் அதுதான், நோவும் அதுதான். இந்த விளையாட்டில் மூன்றும் உண்டு. தூரம் 2000 மீட்டர். வீரர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார். எல்லைக்கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. பின்தங்கி வருபவர்கள்தாம் தெரிவார்கள்.

உயரமும் எடையும் கூடியவர்களுக்கே சாதகமான விளையாட்டு இது. கை கால் நீளமாக இருந்தால் ஒவ்வொரு வலிப்பும் நீளும். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்று 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 'லைட்வெயிட்' பிரிவைச் சேர்த்தார்கள். ஆண்கள் இரட்டையர் பிரிவில் எவரும் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது. இருவரின் சராசரி 70 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒருவர் 72 என்றால் மற்றவர் 68. சராசரி நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

பால் 1994இல் பிறந்தவர். அயர்லாந்தின் தென்மேற்கே ஸ்கிபெரீன் என்ற சிற்றூர்ப் பகுதி. தந்தைதான் முதல் பயிற்சியாளர். பிறகு உள்ளூர்ப் படகுக் கழகத்தில் டொமினிக் கேசி பயிற்சி தந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பாலும் அண்ணன் கேரியும் வெள்ளி வென்றார்கள். படகுப் போட்டியில் அயர்லாந்து பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. உங்கள் உத்தி என்ன என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு நாய் மாதிரி இழுப்பதுதான் என்று சிரித்தபடி சொன்னார்கள். உலகமே அதை ரசித்தது.

ஆனால் அதே மாதம், பால் உலகச் சாம்பியன் போட்டியில் தனியாகப் படகேறித் தங்கம் வென்றதைப் பலர் கவனிக்கவில்லை. 2018இல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உலகச் சாம்பியன் ஆனார்கள். அடுத்த ஆண்டே அண்ணனின் இருக்கை அதே கழகத்தைச் சேர்ந்த ஃபின்டன் மெக்கார்த்திக்குப் போனது. ஒரே வீட்டில் ஒருவர் தேர்வாகி மற்றவர் தேர்வாகாமல் போவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அண்ணன் தம்பியை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவர்கள்தானே நாம்! பாலும் ஃபின்டனும் டோக்கியோவில் தங்கம், 2024 பாரிஸில் மீண்டும் தங்கம் வென்றார்கள். இடையே பால் மருத்துவப் படிப்பையும் படித்தார். "விளையாடினால் படிப்பு கெடும்" என்று சொல்லும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்.

இத்தோடு முடித்தால் இது வெறும் பாராட்டுரை. இன்னொரு பக்கமும் உண்டு.

போட்டிக்கு ஓரிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். அதற்காகப் பட்டினி கிடப்பவர்கள், தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு லைட்வெயிட் வீரர் துஷ்யந்த் வெண்கலம் வென்ற கையோடு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார். அன்று அவர் சாப்பிட்டிருந்தது சில ரொட்டித் துண்டுகளும் ஓர் ஆப்பிளும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஜூடோ பயின்ற எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதியம் சத்துணவுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா சாப்பிடல?"

"நாளன்னிக்கு வெயிட் பாப்பாங்க சார். அரைக் கிலோ கூட இருக்கேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பு முன் அவனை நிற்கவைத்து, "கட்டுப்பாடுன்னா இதுதான்" என்று கைதட்டச் சொன்னேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன்பிறகு பயிற்சிக்கு வரவேயில்லை. அறிவியல் ஆசிரியர் நான். வளரும் உடலுக்கு உணவும் நீரும் ஏன் வேண்டும் என்று பாடம் நடத்துபவன். அந்தக் கைதட்டல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

பாரிஸ் போட்டியோடு ஒலிம்பிக்கில் லைட்வெயிட் படகுப் பிரிவு நிறுத்தப்பட்டுவிட்டது. பாலும் ஃபின்டனும்தான் ஆண்கள் பிரிவின் கடைசி ஒலிம்பிக் சாம்பியன்கள். அந்தக் கதவு இருந்திராவிட்டால் அவர்கள் ஒலிம்பிக் மேடை ஏறியிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அணி பிரிக்கும்போது ஒல்லியான, குட்டையான பிள்ளையைக் கடைசியில் நிறுத்தாதீர்கள். அவனுக்கும் அவளுக்கும் ஏற்ற விளையாட்டு ஒன்று இருக்கும். எடைப் பிரிவில் விளையாடும் பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் பாராட்டாதீர்கள். தட்டை எடுத்துவரச் சொல்லி, அடுத்த எடைப் பிரிவில் பெயர் கொடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, மறுநாள் பயிற்சிக்கு வருவான்.